மணிக்கட்டின் மேலிடத்துக்கு ஒரு மனு

அனுப்புநர்:
இடது மணிக்கட்டின் சட்டபூர்வ உரிமையாளர்
(அதில் கட்டியிருக்கும் கடிகாரத்தின் உரிமையாளர் யார் என்பதே வழக்கு),
மதுரை.

பெறுநர்:
ஸ்மார்ட்வாட்ச் நிறுவனங்களின் செயலிக் கடைகளையும் அனுமதிகளையும் ஆளும் மேலிடம்.

பொருள்: காசு கொடுத்து வாங்கிய கடிகாரத்தில் வீட்டுக்கு உபயோகமான நாலு வசதிகளை வைத்துக்கொள்ள அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. அட்டைப்பெட்டியின் மேல் அச்சாகியுள்ள '100-க்கும் மேற்பட்ட விளையாட்டு முறைகள்' என்ற அறிவிப்பு. 2. மனுதாரர் படிக்காமலே 'ஒப்புக்கொள்கிறேன்' என்று தொட்ட நிபந்தனைகள்.

ஐயா / அம்மையீர்,

மனுதாரர் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்:

கடிகாரம் கையில் ஏறிய நாள் முதல் அவர், சொன்ன பேச்சு கேட்கும் பிள்ளையாகவே நடந்துவருகிறார். நெடுநேரம் உட்கார்ந்தால் 'எழுந்து நில்லுங்கள்' என்கிறது; நிற்கிறார். 'ஒரு நிமிடம் மூச்சைக் கவனியுங்கள்' என்கிறது; அதுவரை கவனிக்காமலே விட்ட மூச்சுக்கெல்லாம் வருத்தப்பட்டுக் கவனிக்கிறார். காலையில் கண் விழித்ததும் ராத்திரி தூங்கிய தூக்கத்துக்கு மதிப்பெண் போடுகிறது. பள்ளியில் கணக்குப் பாடத்தில் வாங்கியதைவிட அதிகம் என்பதால் மறுகூட்டலுக்கு விண்ணப்பிக்கவில்லை. தினமும் பத்தாயிரம் அடி நடக்கச் சொல்கிறது. அந்த இலக்கு மருத்துவர்கள் வகுத்ததல்ல, 1965-ல் ஜப்பானில் யமாசா நிறுவனம் நடைமானி விற்பதற்காகப் பிடித்த எண் என்பது தெரிந்த பிறகும் நடந்துகொண்டுதான் இருக்கிறார்.

இத்தனைக்கும் பதிலாக அவர் கேட்பது நாலே நாலு.

ஒன்று, மொட்டைமாடித் தொட்டிக்கு மோட்டார் போட்டால், தொட்டி வழிந்து பக்கத்து வீட்டுக்காரர் குரல் கொடுப்பதற்கு முன்னால் கையில் அதிர வேண்டும். இரண்டு, அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரைக்கு வேளை தவறாமல் நினைவூட்ட வேண்டும். மூன்று, அதே அம்மா 'இப்ப ராகுகாலமாடா?' என்று கேட்டால், சுவரில் தொங்கும் தினக்காட்டியைத் தேடிப் போகாமல் கையைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். நான்கு, தமிழில் வரும் குறுஞ்செய்தி தமிழில் தெரிய வேண்டும்.

முதல் இரண்டு கோரிக்கைகளில் மேலிடத்தின் மீது குறை சொல்வதற்கில்லை. நேரங்காட்டியும் நினைவூட்டலும் ஏறக்குறைய எல்லாக் கடிகாரத்திலும் இருக்கின்றன. ஆனால் அவை இருக்கும் இடம்தான் நாலு முறை தள்ளி, இரண்டு முறை தொட்டு, ஒரு முறை கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் மட்டுமே தெரிகிறது. முகப்பை அழுத்திப் பிடித்தால் திருத்தும் வசதி வரும், அங்கே நேரங்காட்டியை முகப்பிலேயே குத்தி வைக்கலாம் என்ற ரகசியத்தைக் கண்டுபிடித்த பிறகு மனுதாரர் வீட்டுத் தொட்டி வழிந்ததில்லை. அடுத்து, கைபேசிக்கு வரும் அத்தனை அறிவிப்பும் கைக்கும் வர வேண்டும் என்ற தங்கள் தாராள மனதை ரத்து செய்து, அழைப்பையும் வீட்டார் செய்தியையும் மட்டும் விட்டுவைத்தார். கடன் வேண்டுமா என்று கேட்டு மணிக்கட்டைக் குலுக்கும் விளம்பரங்கள் அன்றோடு நின்றன. விடிகாலை ரயிலுக்கு, வீட்டில் வேறு யாரையும் எழுப்பாமல் தன்னை மட்டும் அதிர்ந்து எழுப்பும் அலாரம் ஒன்றுக்காகவே கொடுத்த காசு தகும் என்பதையும் மனுதாரர் பதிவு செய்கிறார்.

சிக்கல் மூன்றாவது கோரிக்கையில் தொடங்குகிறது.

ராகுகாலம் என்பது ஏழு வரி அட்டவணை. திங்கள் ஏழரை முதல் ஒன்பது, சனி ஒன்பது முதல் பத்தரை, வெள்ளி பத்தரை முதல் பன்னிரண்டு என்று ஒன்றரை மணி நேரத் துண்டுகளாக வாரம் முழுக்கப் போகும். அதை நம்புகிறவர் உண்டு, நம்பாதவர் உண்டு; ஆனால் அது ஒரு கணினிக்குக் கடினமான கணக்கு என்று எவரும் சொல்ல மாட்டார்கள். மனுதாரரின் கடிகாரத்தில் பனிச்சறுக்குக்குத் தனி முறை இருக்கிறது. மதுரையில் பனிச்சறுக்கு எப்போது தொடங்கும் என்று தெரியாததால் அதை அவர் இன்னும் பயன்படுத்தவில்லை. துடுப்புப் படகு இருக்கிறது, குதிரையேற்றம் இருக்கிறது. ஏழு வரி சேர்க்க மட்டும் இடமில்லை. காரணம் எளிது: நம் ஊர்க் கடைகளில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் பெரும்பாலான கடிகாரங்களில் செயலிக் கடை என்ற ஒன்றே கிடையாது. தொழிற்சாலையில் எழுதி அனுப்பியது எதுவோ, ஆயுள் முழுக்க அதுதான். மாற்ற முடிவது முகப்புப் படம் மட்டும். நூற்றுக்கணக்கான முகப்புகள் கிடைக்கும். அத்தனையும் சொல்வது ஒரே மணியைத்தான்.

விலை கூடிய கடிகாரம் வாங்கினால் இந்தக் குறை தீரும் என்று கடைக்காரர்கள் சொல்கிறார்கள். தீருகிறது; வேறு குறை வருகிறது. ஆப்பிள் வாட்ச் 2015-ல் வந்தது. வெளியார் உருவாக்கிய முழு முகப்பை அதில் வைக்க இன்றுவரை அனுமதி இல்லை. நிறுவனம் தரும் முகப்புகளின் மூலைகளில் குட்டிக் கட்டங்களை அடுக்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான். பல்சர் நிறுவனம் கணக்கிடும் கருவியைக் கைக்கடிகாரத்துக்குள் வைத்தது 1975-ல். காசியோ அதைப் பள்ளிப் பையன்களின் கை வரைக்கும் கொண்டுவந்தது 1980-களில். ஆப்பிள் தன் கடிகாரத்தில் அந்தக் கருவியைச் சேர்த்தது 2019-ல். இதயத் துடிப்பின் மின்பதிவு எடுக்கும் வசதி அதற்கு முந்தைய ஆண்டே வந்துவிட்டது. இதயம் எப்படித் துடிக்கிறது என்று வரைந்து காட்டிய கடிகாரத்துக்கு, கடைப் பில்லைக் கூட்டிச் சொல்ல இன்னொரு வருடம் தேவைப்பட்டிருக்கிறது.

செயலி எழுதுகிறவர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு என்பதை மனுதாரர் மறைக்க விரும்பவில்லை. ஆரம்ப ஆவேசத்தில் எல்லாரும் கடிகாரத்துக்குச் செயலி எழுதினார்கள். 2017-ல் கூகுள் மேப்ஸ், அமேசான், ஈபே ஆகியவை ஆப்பிள் வாட்சிலிருந்து சத்தமில்லாமல் விலகின. விலகியதைப் பலர் சில வாரங்கள் கழித்துத்தான் கவனித்தார்கள். மேப்ஸ் மட்டும் 2020-ல் திரும்பி வந்தது. அது வந்ததில் பொருள் இருக்கிறது. தெரியாத ஊரில் வண்டி ஓட்டும்போது 'அடுத்த இடதில் திரும்பு' என்று கையில் தட்டிச் சொல்வது கடிகாரத்துக்கே உரிய வேலை. தபால்தலை அளவுத் திரையில் புடவை பார்த்து வாங்குவது அல்ல. ஐந்து நொடிக்குள் முடியாத காரியத்துக்குக் கைபேசியே மேல் என்பது மனுதாரரின் கட்சி. ஆகவே அவர் லட்சம் செயலி கேட்கவில்லை. அந்த நாலு எவை என்று தீர்மானிக்கும் இடத்தில் தான் உட்கார வேண்டும் என்கிறார்.

நான்காவது கோரிக்கைக்கு வருவோம். 'நாளைக்குத் தண்ணி வராது, பிடிச்சு வெச்சிடு' என்று மனைவி அனுப்பினால், மனுதாரர் கையில் தெரிவது வரிசையாகச் சில சதுரப் பெட்டிகள். அவசரமா, கோபமா, வெங்காயமா என்று பெட்டிகளின் எண்ணிக்கையை வைத்து அவர் ஊகித்துக்கொள்கிறார். கணினி எழுத்துத் தரமான யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991-ல், தமிழுக்கு இடம் ஒதுக்கியாகிவிட்டது. அதற்குப் பிறகு பிறந்த குழந்தைகளே ஸ்மார்ட்வாட்ச் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். கொம்பும் காலும் எழுத்தின் முன்னும் பின்னும் அமர வேண்டியிருப்பதால் சின்னச் சில்லில் தமிழைக் காட்டுவது சிரமம் என்பார்கள். அதற்கும் வழி இருக்கிறது. பேங்கிள்.ஜேஎஸ் என்ற திறந்த மூலக் கடிகாரத்துக்காக உருவான, கேட்ஜெட்பிரிட்ஜ் என்ற கைபேசிச் செயலியின் பதிப்பில், கடிகாரத்தின் எழுத்துருவுக்குத் தெரியாத சொல்லைக் கைபேசியே படமாக வரைந்து அனுப்பிவிடும் வசதி உண்டு. கடிகாரத்துக்கு அந்த மொழி தெரிய வேண்டிய அவசியமே இல்லை. தன்னார்வலர்கள் செய்து காட்டியதைச் செய்ய, நூறு விளையாட்டுகளுக்கு நேரம் கண்டுபிடித்த மேலிடத்துக்கு நேரமில்லாமலா போயிற்று?

இனி, பொருத்தம். ஆப்பிள் வாட்ச் ஐபோனோடு மட்டுமே வாழும். சாம்சங் கடிகாரத்தின் இதய மின்பதிவு வசதி சாம்சங் கைபேசி இருந்தால்தான் முறைப்படி இயங்கும். ஜாதகத்தில் பத்துக்கு ஏழு பொருத்தம் இருந்தாலே நம் ஊரில் கல்யாணம் நடந்துவிடும். இங்கே பத்துக்குப் பத்து கேட்கிறார்கள், அதுவும் ஒரே குலத்தில். இந்தப் பிணைப்பை அமெரிக்க நீதித் துறை 2024 மார்ச்சில் ஆப்பிள் மீது தொடுத்த ஏகபோக வழக்கில் குறிப்பிட்டுச் சாட்டியிருக்கிறது. ஐரோப்பிய ஆணையம் 2025 மார்ச்சில், பிற நிறுவனக் கடிகாரங்களுக்கும் ஐபோனின் அறிவிப்பு வசதிகளைத் திறந்துவிடும்படி உத்தரவிட்டது. ஆப்பிள் அதை எதிர்த்தது.

வாங்கிய பொருளுக்குள் இருக்கும் வசதியே காணாமல் போகும் கதையும் உண்டு. மாசிமோ நிறுவனத்தோடு நடந்த காப்புரிமை வழக்கில் தோற்ற ஆப்பிள், 2024 ஜனவரி முதல் அமெரிக்காவில் விற்ற புதிய கடிகாரங்களில் ரத்த ஆக்சிஜன் அளவிடும் வசதியை முடக்கியது. உணர்வி உள்ளேயே இருந்தது, ஒளி அணைந்திருந்தது. 2025 ஆகஸ்ட்டில் வசதி திரும்பியது, ஒரு மாற்றத்தோடு: அளப்பது கடிகாரம், கணக்குப் போடுவது கைபேசி. கையில் ஓடும் ரத்தத்தின் நிலவரத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்க்க வேண்டும்.

இவையெல்லாம் நிறுவனம் உயிரோடு இருக்கும்போது. அது போன பிறகு?

பெபிள் கடிகாரம் 2012-ல் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் ஒரு லட்சம் டாலர் கேட்டு, ஒரு கோடி டாலருக்கு மேல் திரட்டியது. மின்தாள் போன்ற திரை, ஏறக்குறைய ஒரு வாரம் நிற்கும் மின்கலம், யார் வேண்டுமானாலும் முகப்பும் செயலியும் எழுதலாம் என்ற தாராளம். 2016 கடைசியில் அதன் சொத்துகளை ஃபிட்பிட் வாங்கியது. 2018 ஜூனில் வழங்கிகள் அணைந்தன. ரெபிள் என்ற தன்னார்வலர் குழு மாற்று ஏற்பாடு செய்திராவிட்டால் செயலிக் கடையும் வானிலையும் அன்றே போயிருக்கும். ஃபிட்பிட்டைக் கூகுள் வாங்கியது. 2024 ஜூனில் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் ஃபிட்பிட் கடிகாரங்களுக்கு வெளியார் எழுதிய செயலிகளும் முகப்புகளும் கிடைக்காமல் போயின. புதிய சட்டத் தேவைகளே காரணம் என்று சொல்லப்பட்டது. நுகர்வோரைக் காக்க எழுதிய சட்டம், காப்பதற்குச் செயலியே இல்லாத நுகர்வோரை உருவாக்கிவிட்டது. நல்லதும் நடந்தது: 2025 ஜனவரியில் கூகுள் பெபிளின் இயங்குதள மூல நிரலைப் பொதுவில் வெளியிட்டது. பெபிளை நிறுவிய எரிக் மிகிகோவ்ஸ்கி அதை நம்பிப் புதிய கடிகாரங்களோடு திரும்பி வந்தார். செத்த கடிகாரம் பிழைத்தது எந்த மேலிடத்தின் உத்தரவாலும் அல்ல, திறந்த நிரலால்.

மேற்சொன்ன பேங்கிள்.ஜேஎஸ் கடிகாரத்தில் ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்த எவரும் ராகுகாலத்தை ஓர் உட்காரலில் எழுதி ஏற்றிவிடலாம். பைன்டைம் என்ற இன்னொன்றின் மென்பொருளும் திறந்த மூலம்தான். கேட்ஜெட்பிரிட்ஜ் செயலி, கணக்குத் திறக்கச் சொல்லாமலும் பிறந்த தேதி கேட்காமலும் பல நிறுவனக் கடிகாரங்களோடு பேசுகிறது. அதன் வழக்கமான பதிப்புக்கு இணையத்தைத் தொடும் அனுமதியே கிடையாது. இவை அழகில் தங்கள் கடிகாரங்களுக்கு ஈடாகா என்பதை மனுதாரர் ஒப்புக்கொள்கிறார். ஆனால் அங்கே மனு எழுத வேண்டியிருக்கவில்லை.

ஆகவே மேலிடம் கருணை கூர்ந்து,

அ. விலை எதுவானாலும், வாங்குபவர் தமக்கு வேண்டிய சின்னச் செயலியைத் தாமே ஏற்றிக்கொள்ள ஒரு வாசல் திறந்துவைக்கவும்;

ஆ. வந்த செய்தியை வந்த மொழியில் காட்டவும், முடியாவிட்டால் படமாகவாவது காட்டவும்;

இ. கைபேசி மாறினாலும் கடிகாரத்தின் அடிப்படை வசதிகள் மாறாமல் இருக்கச் செய்யவும்;

ஈ. கடையை மூடும் நாளில், வாங்கியவர்களிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகவும்

ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. 1989-ல் வந்த காசியோ எஃப்-91டபிள்யூ இன்றும் விற்பனையில் இருப்பதும், ஒரே மின்கலத்தில் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் ஓடுவதும், எழுந்து நில் என்று யாரிடமும் சொல்லாததும் மேலிடத்தின் கவனத்துக்குக் கொண்டுவரப்படுகிறது.

இவண்,
மனுதாரர்.

நகல்: கடிகாரம் வாங்கப் போகும் வாசகர்களுக்கு. விளையாட்டு முறைகளை எண்ணாதீர்கள். கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: இதில் செயலி ஏற்ற முடியுமா? என் கைபேசியோடு எல்லா வசதியும் வேலை செய்யுமா? தமிழ் தெரியுமா? மூன்றாவதற்கு மட்டும் வாய்ப் பதிலை நம்பாமல், அங்கேயே தமிழில் ஒரு செய்தி அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.