பிரிண்ட் வாராமை: ஓர் ஆய்வு

பலர் பொதுவில் பயன்படுத்தும் பிரிண்டரில், கொடுத்த பிரிண்ட் வெளிவராது நிற்றல் ‘வாராமை’ எனப்படும். அது தாள்வழி, வரிசைவழி, ஆள்வழி என மூவகைப்படும்.

தாள்வழி வாராமை கண்ணுக்குப் புலனாவது: ட்ரே காலி, பேப்பர் ஜாம், டோனர் தீர்தல். புலனாகாத உட்பிரிவும் உண்டு. ஆவணத்தின் தாளளவு அமெரிக்க ‘லெட்டர்’ என்றிருந்தால், ட்ரே நிறைய ஏ4 இருந்தும் பிரிண்டர் தாள் கேட்டு நிற்கும். லெட்டர் தாள் ஏ4-ஐவிட அகலத்தில் சுமார் 6 மி.மீ. கூடுதல், நீளத்தில் 18 மி.மீ. குறைவு. இவ்வளவுக்காக ஓர் அலுவலகமே காத்திருக்கும்.

பேப்பர் ஜாமுக்கு ஒரு வரலாறும் உண்டு. எம்ஐடி செயற்கை நுண்ணறிவுக் கூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற நிரலர், ஜாம் ஆனதும் காத்திருப்போர் அனைவருக்கும் தகவல் போகும்படி பிரிண்டரின் நிரலைத் திருத்தியிருந்தார். பின்னால் வந்த ஜெராக்ஸ் லேசர் பிரிண்டருக்கு மூலநிரல் கிடைக்காததால் அது இயலவில்லை. அந்தக் கடுப்பும் சேர்ந்தே கட்டற்ற மென்பொருள் இயக்கம் பிறந்தது. பேப்பர் ஜாம் உலகுக்குச் செய்த நன்மை இது ஒன்றே.

வரிசைவழி வாராமையே ஆய்வுக்குரியது. கொடுத்த பிரிண்ட் நேரே பிரிண்டருக்குப் போவதில்லை. சர்வரின் டிஸ்க்கில் வரிசையில் அமர்கிறது. யுனிக்ஸ் வகை அமைப்புகளில் இவ்வரிசையைப் பெரிதும் ஆள்வது 1999-இல் வெளிவந்த ‘கப்ஸ்’ என்னும் மென்பொருள். முதலில் நிற்கும் பிரிண்ட் வேலை கெட்டுப்போனால், வேறு ஏற்பாடு செய்யாதவரை, அது பிரிண்டரையே நிறுத்திவைக்கும். பின்னால் நிற்கும் ஒற்றைப்பக்க லீவு லெட்டரும் நகராது. கெட்ட வேலையை நீக்கும் உரிமை அதைக் கொடுத்தவருக்கும் அட்மினுக்கும் மட்டுமே. கொடுத்தவர் பெரும்பாலும் சாப்பிடப் போயிருப்பார்.

ஆள்வழி வாராமை முன்னிரண்டையும் ஊட்டி வளர்ப்பது. வராத பிரிண்டை மறுபடி கொடுத்தல் இதன் முதற்குறி. ஒவ்வோர் அழுத்தலுக்கும் வரிசையின் வால் ஒரு பிரதி நீளும். பிரிண்டரை ஆஃப் செய்து ஆன் செய்தல் இரண்டாவது. வேலை சர்வரில் இருப்பதால், மீண்டெழும் பிரிண்டரை அதே கெட்ட வேலை வரவேற்கும். பக்கவாட்டில் தட்டுதல் மூன்றாவது. இதன் பயன் இன்னும் நிறுவப்படவில்லை.

தீர்க்கும் முறை வருமாறு: ‘எல்பிஸ்டாட்’ கட்டளையால் பிரிண்டரின் நிலையும் வரிசையும் அறியப்படும். எரர் லாகில் காரணம் தேடப்படும். அதன்பின் கெட்ட வேலை ‘கேன்சல்’ கட்டளையால் நீக்கப்பட்டு, நின்ற பிரிண்டர் ‘கப்ஸ்எனேபிள்’ கட்டளையால் எழுப்பப்படும். உடனே எல்லாருடைய எல்லாப் பிரதிகளும் ஒருசேர வரும்.

இத்தனைக்குப் பிறகும் ஒருவருடைய பிரிண்ட் மட்டும் வாராதாயின், அவர் வேறு பிரிண்டரைத் தேர்ந்திருக்கிறார் என்பது பெறப்படும். தாள்கள் இரண்டாம் மாடியில், அக்கவுண்ட்ஸ் பிரிவில் கிடக்கும்.