சம்பளக்காரருக்கும் மாலத்தீவு உண்டு

கேள்வி: மாலத்தீவு என்றாலே பணக்காரர்களின் தேனிலவுதானா? மாதச் சம்பளக்காரர் எட்டிப் பார்க்க முடியாதா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: தாராளமாகப் போகலாம், தண்ணீர்மேல் கட்டிய மர வீட்டை மட்டும் மறந்துவிட வேண்டும்!

அங்கே சுற்றுலா தொடங்கியது 1972-ல். நெடுங்காலம் சொகுசு விடுதிகளெல்லாம் ஆளில்லாத தீவுகளில்தான். வருமானம் ஊர்த்தெருவை எட்டவில்லை. 2009-10 வாக்கில் விதி தளர்ந்ததும், மக்கள் வாழும் தீவுகளிலும் உள்ளூர்க் குடும்பங்களே நடத்தும் சிறு விடுதிகள் முளைத்தன. தலைநகர் மாலேக்குத் தெற்கே உள்ள மாஃபுஷி நல்ல உதாரணம்.

காலைப் பலகாரம் 'மாஸ் ஹுனி': உதிர்த்த சூரை மீன், துருவிய தேங்காய், பொடியாக நறுக்கிய வெங்காயம், மிளகாய், எலுமிச்சைச் சாறு, எல்லாம் கையால் பிசைந்தது. கூடவே சுடச்சுட ரொட்டி. தூத்துக்குடி நாக்குக்கு ஒரே வாயில் பிடித்துப்போகும்.

மக்கள் வாழும் இத்தீவுகளில் மது கிடையாது. நீச்சலுடைக்குத் தனிக் கடற்கரை உண்டு. தெருவில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் தெரு அல்லவா, அந்த மரியாதை நியாயமே.

கொடுக்கும் வாடகை அந்த ஊரிலேயே புழங்கும். அதற்காகவே இவ்விடுதிகளைத் துணிந்து சிபாரிசு செய்யலாம். மாலேயிலிருந்து விரைவுப் படகுக்குப் பதில் பொதுப் படகில் போனால் செலவு இன்னும் குறையும்.