பல்லைக் காட்டும் சாவி

கேள்வி: புது ஃபிளாட் சாவியைக் கையில் தூக்கிப் பிடித்து, படமெடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். "உடனே எடு" என்று அண்ணன் சத்தம் போடுகிறார். படத்தை வைத்துக்கொண்டு யாராவது கதவைத் திறந்துவிட முடியுமா?

பதில்: முதலில் வாழ்த்துகள்! அடுத்து, அண்ணன் பேச்சைக் கேளுங்கள். படம் கதவைத் திறக்காது. படத்தைப் பார்த்துச் செய்த சாவி தாராளமாகத் திறக்கும். சாதாரண சிலிண்டர் பூட்டின் சாவியில் ஐந்தாறு வெட்டுகள்தான். அவற்றின் ஆழமும் கம்பெனி வகுத்த ஒருசில அளவுகளுக்குள் அடங்கிவிடும். அதாவது, அது உலோகத்தில் எழுதிய ஐந்தாறு இலக்க எண். ஏடிஎம் பின் நம்பரை ஸ்டேட்டஸில் போடுவீர்களா?

2008-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ ஆய்வாளர்கள், நாலு மாடிக் கட்டடத்தின் உச்சியில் நின்று, 195 அடி தள்ளி மேஜையில் கிடந்த சாவியைப் படமெடுத்தார்கள். பக்கவாட்டில், சாய்வாகத் தெரிந்த சாவியைக் கணினியே நிமிர்த்தி அளவெடுத்துக் கொடுத்தது. மாற்றுச் சாவி தயார்! அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகளின் பெட்டிகளைத் திறக்கும் மாஸ்டர் சாவிகளின் படம் 2014-இல் 'வாஷிங்டன் போஸ்ட்'டில் வந்தது. மறு வருஷமே முப்பரிமாண அச்சில் அவற்றுக்கு நகல் எடுத்துவிட்டார்கள்.

ஸ்டேட்டஸ் ஒரு நாளில் மறைந்துவிடும், ஸ்கிரீன்ஷாட் மறையாது. ஆசைக்குப் படம் வேண்டுமென்றால், பற்களை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு தலையை மட்டும் காட்டுங்கள். ஏற்கெனவே ஊரே பார்த்தாயிற்றா? முழுப் பூட்டையும் கழற்ற வேண்டாம். சிலிண்டரை மட்டும் மாற்றினால் போதும். இந்த வாரமே ஆளைக் கூப்பிடுங்கள்.