பதினெட்டுத் தாள் நீளத்தில் ஒரு ஃபங்ஷன்

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் பேராதனைப் பொறியியல் பீடத்தில் படித்தவர்களுக்கு டொட் மேட்ரிக்ஸ் பிரின்டரின் கிறீச்சொலி இன்னும் காதில் இருக்கும். இரு ஓரமும் துளையிட்டு மடிப்பு மடிப்பாகத் தொடரும் அந்தத் தாளில் நாங்கள் அச்சிட்டவற்றுள் மிக நீளமானது, பெர்க்லி யூனிக்ஸின் டிசிபி_இன்புட் என்ற ஃபங்ஷன். வலையமைப்பிலிருந்து வந்து சேரும் ஒவ்வொரு துண்டத்தையும் எடுத்துப் பார்த்து, இது எந்த இணைப்புக்கு உரியது, வரிசையில் வந்ததா, முன்பு வந்ததே மறுபடி வந்திருக்கிறதா, பேச்சை முடித்துக்கொள்ளச் சொல்கிறதா என்றெல்லாம் தீர்மானிக்கிற வேலை முழுவதும் அந்த ஒன்றுக்குள்ளேயே நடந்தது. ஏறத்தாழ 1,100 வரி. பக்கத்துக்கு அறுபது வரி வைத்தால் பதினெட்டுத் தாள். அதைக் கிழிக்காமல் அக்பர் விடுதியின் நடைபாதையில் விரித்துப் போட்டு, ஆளுக்கொரு பென்சிலோடு பக்கத்தில் உட்கார்ந்து, தாள் நகர நகர நாங்களும் நகர்ந்து படித்தோம்.

துணைக்கு இருந்தது கேரி ரைட்டும் ரிச்சர்ட் ஸ்டீவன்ஸும் 1995இல் கொண்டுவந்த புத்தகம். 15,000 வரி நிரலைத் துண்டு துண்டாக எடுத்து விளக்கும் அந்தப் பெரும் புத்தகத்தில் இந்த ஒரு ஃபங்ஷனுக்கு மட்டும் இரண்டு அத்தியாயம் தேவைப்பட்டது. யாரோ ஒருவரிடம் இருந்த பிரதியிலிருந்து அந்த இரண்டு அத்தியாயத்தையும் கலஹா சந்தியில் போட்டோ கொப்பி எடுத்து வைத்திருந்தோம். வெளிநாட்டுக் கணினி ஒன்றிலிருந்து ஒரு கோப்பு இறங்கி முடிவதற்குள் அக்பர் பாலத்தைக் கடந்து போய் ஒரு பிளேன்டீ குடித்து, மகாவலியில் தண்ணீர் கூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டும் வரலாம் என்றிருந்த காலம் அது. அச்சில் ஒரு பொருள் கைக்கு வந்தால் அதை முழுவதும் படிக்காமல் யாரும் விட்டதில்லை.

எங்களுக்கு இரண்டு வருடம் மூத்த ஓர் அண்ணா, யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளிக்கிழமைகளில் குறிஞ்சிக்குமரன் கோயிலுக்குப் போய்விட்டு வந்து எங்களோடு உட்காருவார். அவர் விளக்கம் சொல்லமாட்டார்; கேள்விதான் கேட்பார். “இப்ப இணைப்பு திறந்திருக்கு. ஃபின் வருது. நீ எங்க போவாய், சொல்லு பாப்பம்?” நாங்கள் பென்சிலைக் கீழே இறக்கிக்கொண்டு போவோம். வழியில் ஒரு கோட்டூ குறுக்கே வந்து ஏழு தாளைத் தாண்டி எறியும். அந்தப் பாய்ச்சல்கள் சேரும் இடங்களில் ஒன்றுக்கு ஸ்டெப்சிக்ஸ் என்று பெயர். ஏன் ஆறு? அண்ணா டிசிபி நெறிமுறையை வரையறுத்த ஆர்எஃப்சி 793இன் பிரதியை நீட்டினார். 1981இல் வெளிவந்த அந்த ஆவணத்தில், ஒரு துண்டம் வந்ததும் செய்ய வேண்டியவை எட்டுப் படிகளாக எழுதப்பட்டிருக்கின்றன: வரிசை எண்ணைப் பார், ரீசெட் பிட்டைப் பார் என்று தொடங்கி, ஆறாவதில் அவசரக் குறி, எட்டாவதில் பேச்சை முடிக்கச் சொல்லும் ஃபின். நிரலை எழுதியவர்கள் அந்த ஆவணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள் என்பது தெரிந்த அந்த மாலையின் சந்தோஷம் எனக்கு இன்னும் குறையவில்லை. இப்படி ஒரு மாலை உங்களுக்கும் இருந்திருக்கும். வேறு நிரலாக, வேறு ஊராக இருந்திருக்கலாம்.

அந்த ஃபங்ஷனை இன்று யாராவது எழுதிக் கொடுத்தால், கண்டியில் நான் வேலை செய்கிற சிறிய குழுவில் அது வாசலைத் தாண்டாது. நிரலைச் சேர்க்க அனுப்பியதுமே ஒரு கருவி அதை அளந்து, சிக்கல் எண் எல்லையை மீறிவிட்டது என்று திருப்பி அனுப்பிவிடும். அந்த எண்ணைத் தந்தவர் தோமஸ் மக்கேப், 1976இல். கண்டியிலிருந்து தெற்கே பஸ் ஏறினால் பேராதனையில் பாதை பிரிகிறது, ஒன்று கடுகண்ணாவைக்கு, மற்றது கம்பளைக்கு. கம்பளையில் மறுபடி பிரிகிறது, நாவலப்பிட்டிக்கும் புசல்லாவைக்கும். பிரியும் இடம் இரண்டு, போகக்கூடிய வழி மூன்று. மக்கேப்பின் கணக்கும் இதுதான்: ஒரு ஃபங்ஷனில் எத்தனை இடத்தில் தீர்மானம் எடுக்கப்படுகிறதோ அதோடு ஒன்றைக் கூட்டு. அந்த எண் பத்தைத் தாண்டினால் பிரித்து எழுதலாம் என்றார். ஒவ்வொரு வழியையும் ஒரு முறையாவது சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதால், எண் கூடக் கூடச் சோதனையும் கூடுகிறது, சோதிக்காமல் விடப்படும் வழியும் கூடுகிறது.

இந்த அளவீட்டை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். டிசிபி இணைப்பு ஒன்றுக்குப் பதினொரு நிலை. ஆர்எஃப்சி 793இன்படி வரும் துண்டத்தில் ஆறு குறிகள். அது நேரத்துக்கும் வரலாம், பிந்தியும் வரலாம், இரண்டு தடவையும் வரலாம். வலையமைப்பு நிரலில் கிளைகள் பெருகுவது எழுதியவரின் அசட்டையால் மட்டும் அல்ல. எதிர்ப்பக்கத்தில் இருக்கும் அந்நியக் கணினி என்ன அனுப்பும் என்று யாருக்கும் தெரியாததாலும்தான். அதனாலேயே இங்கே எண்ணிக் காவல் காப்பது வேறு எங்கேயும்விட அவசியம்.

ஆனால் எண் இறங்கிய இடத்தில் சிக்கலும் இறங்கிவிட்டதா என்பதை மனிதர்கள்தான் பார்க்க வேண்டும். லினக்ஸ் கேர்னலில் டிசிபி உள்வரவுக் கோப்பு இன்று ஏழாயிரம் வரியைத் தாண்டி நிற்கிறது. நெட்ஃபிளிக்ஸ் பொறியியலாளர்கள் ஃபிரீபிஎஸ்டிக்குக் கொடுத்த ராக் என்ற டிசிபி அடுக்கில், நாங்கள் தரையில் விரித்த அந்த நீண்ட ஃபங்ஷனின் வேலை நிலைக்கு ஒன்றாகத் தனித்தனி ஃபங்ஷன்களுக்குப் போயிருக்கிறது. ஒவ்வொன்றும் தனியே படிக்க எளிது; ஒரு ஃபின்னைக் கடைசி வரை பின்தொடர்வதற்குப் பல கதவுகளைத் திறக்க வேண்டும்.

பிரிக்கும் இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு, இணையத்தில் கோப்புகளை எடுக்கவும் அனுப்பவும் பயன்படும் கர்ல் மென்பொருளில் ஒரு பாடம் இருக்கிறது. 1998இலிருந்து டேனியல் ஸ்டென்பெர்க் நடத்திவரும் திட்டம் அது. மக்கேப் எண்ணை அளந்து, மிகப் பெரிய ஃபங்ஷன்களைத் தேடிப்பிடித்துச் சிறிதாக்குவதில் அவர்கள் காட்டும் பொறுமை எனக்குப் பிடித்தமானது. 2020இல் அங்கே சொக்ஸ்5 ப்ராக்ஸியோடு இணையும் பகுதியை மாற்றினார்கள். எண்ணைக் குறைக்க அல்ல. பதில் வரும்வரை ஒரே இடத்தில் காத்து நின்ற நிரலை, பல இணைப்புகளை ஒரே நேரத்தில் கவனிக்கும்படி நிலை நிலையாக வெட்டினார்கள். பெயர் 255 பைட்டைத் தாண்டினால் ப்ராக்ஸியிடம் அனுப்பாமல் இங்கேயே முகவரி தேடு என்ற முடிவை ஒரு உள்ளூர் மாறி வைத்திருந்தது. ஃபங்ஷன் ஒரே மூச்சில் ஓடியவரை அது சரி. வெட்டிய பிறகு, பதிலுக்காக வெளியே போய்த் திரும்பி நுழையும் ஒவ்வொரு தடவையும் அந்த மாறி பழைய மதிப்புக்கே போனது. எடுத்த முடிவு மறந்துபோனது. நீளமான பெயர் சிறிய இடத்துக்குள் கொட்டியது. 2023 ஒக்டோபரில் 8.4.0 பதிப்பில்தான் அது அடைபட்டது. எந்தக் கிளை எண்ணும் இதைக் காட்டியிருக்காது. அண்ணாவின் கேள்வி காட்டியிருக்கலாம்: “இப்ப நீ வெளியில போய்த் திரும்பி வாறாய், கையில என்ன இருக்கு?”

எனக்கு இழப்பாகத் தெரிவது அந்தத் தாளும் பிரின்டரும் அல்ல. 2020இல் நாடு பூட்டிக் கிடந்தபோது பேராதனை மாணவர்கள் வீட்டிலிருந்தே, பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு வழியாக விரிவுரை கேட்டார்களே, அதைவிட நல்ல காலம் எங்களுக்கு இருந்ததாகச் சொல்லமாட்டேன். ஒரே நிரலை நாலு பேர் ஒன்றாகப் படிப்பது போய்விட்டது என்பதுதான் எனக்குக் கவலை. ஆகவே எங்கள் குழுவில் ஒரு வழக்கம் வைத்தோம்: கருவி திருப்பி அனுப்பிய எதையும் வெட்டுவதற்கு முன் இருவர் சேர்ந்து, சத்தமாக, ஒரு பாக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

போன மாதம் புசல்லாவையிலிருந்து வரும் இளைய பொறியியலாளர் ஒருத்தி வந்து, “சேர், நாப்பத்தி மூணுன்னு காட்டுது. மூணு ஃபங்ஷனா பிரிச்சிரவா?” என்றாள். “படிச்சிட்டுப் பிரிப்பம் மகள்” என்றேன். பாதி வழியில் அவளே நிறுத்தினாள். மேலே ஒரு முறை நிராகரித்த நீளப் பிழையைக் கீழே இன்னும் ஐந்து இடத்தில் திரும்பத் திரும்பக் கேட்டிருந்தார்கள். ஒருபோதும் போக முடியாத ஐந்து வழி. அவற்றை எடுத்தாள், எதையும் பிரிக்கவில்லை. எண் முப்பத்தெட்டுக்கு வந்தது. எல்லையைவிட அது இன்னும் அதிகம். மிச்சம் உள்ள கிளைகள் நெறிமுறையே கேட்பவை என்று வாதாடி, விதிவிலக்குப் பட்டியலில் ஃபங்ஷனின் பெயரையும் பக்கத்தில் அதற்கான காரணத்தையும் எழுதிச் சேர்த்தாள். இணைப்பை மூடும் பகுதியில் டைம் வெயிட் நிலைக்கு ஏன் இத்தனை கிளை என்பதில் அவளுக்கு இன்னும் திருப்தியில்லை. அடுத்த வாரம் அதைத்தான் எடுக்கிறோம்.