சூனியத்துக்கு விடுதலை

குற்றவியல் சட்டத்தில் தூசி படிந்து கிடந்தவற்றைக் கனடா அரசு 2017இல் தட்டிப் பார்த்தது. பாதிக்கப்பட்டவர் யாரென்று தேடினாலும் அகப்படாத குற்றங்கள் சில அதில் இருந்தன. ஒண்டிக்கு ஒண்டி சண்டைக்கு ஆளை அழைப்பது, குற்றங்களைப் படம்போட்டுக் காட்டும் காமிக்ஸ் அச்சிடுவது (இது 1949இல் வந்த தடை), சூனியம் செய்வதாகப் பாசாங்கு செய்வது. பாசாங்குதான் குற்றம், கவனியுங்கள். நிஜமாகவே சூனியம் வைப்பவர்மீது அந்தப் பிரிவு பாயாது. அவரைத் தொட எந்தப் பொலிஸ்காரருக்குத் துணிச்சல் வரும்?

2018 டிசம்பர் 13இல் சி-51 மசோதா சட்டமாகி மூன்றும் ஒழிந்தன. ரொறன்ரோவுக்கு மேற்கே மில்டனில் குறிசொல்லும் பெண் ஒருவர்மீது அதே சூனியப் பிரிவில் வழக்குப் பதிவானது அதற்குச் சற்று முன்புதான். வருங்காலம் அறிந்தவர், கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா?

ஸ்காபரோவில் நம் கடை வாசல்களில் கிடக்கும் இலவசப் பத்திரிகைகளுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டல்ல. வசியம், செய்வினை நீக்கம், பிரிந்த கணவர் திரும்பி வருதல் என்ற விளம்பரங்கள் சட்டம் இருந்தபோதும் வந்தன, போன பிறகும் வருகின்றன. காசு பறித்தால் மோசடிப் பிரிவு இன்னும் உண்டு. ஒண்டிக்கு ஒண்டி அழைப்பு விளம்பரம் மட்டும் இதுவரை என் கண்ணில் படவில்லை.