சிபிச் சக்கரவர்த்தி வீட்டில் ஏசி இல்லை

அடைக்கலம் தேடி வந்த புறாவுக்காகச் சிபிச் சக்கரவர்த்தி தன் தொடைச் சதையை அரிந்து தராசில் வைத்த கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது எனக்குப் பருந்தின் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இப்போது அந்தப் பருந்து வேளச்சேரிப் பக்கம் வந்தால் உட்காரவைத்துக் காபி கொடுப்பேன். சக்கரவர்த்தியின் அரண்மனையில் ஏசியும் இல்லை, அதற்கு அவுட்டோர் யூனிட்டும் இல்லை. கருணைக்கு அது பெரிய வசதி.

எங்கள் பெட்ரூம் ஏசியின் அவுட்டோர் யூனிட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடம் உண்டு. எந்த புரோக்கர் கண்ணிலும் படாத அந்த இடத்தை ஒரு புறா ஜோடி பார்த்து, பிடித்துப்போய், அட்வான்ஸ் கொடுக்காமல் குடியேறிவிட்டது. அது கட்டியதைக் கூடு என்று சொன்னால் தூக்கணாங்குருவி தலையில் அடித்துக்கொள்ளும். எங்கள் துடைப்பத்திலிருந்து உருவிய சில ஈர்க்குச்சி, ஒரு துண்டு ஒயர், யாரோ சீவி எறிந்த முடி. மேலே இரண்டு வெள்ளை முட்டை. எட்டிப் பார்த்தால் தாய்ப்புறா ஆரஞ்சுக் கண்ணை உருட்டி, கழுத்தைப் புடைத்து, இறக்கையால் பளாரென்று ஓர் அறை விடும். ஹவுசிங் லோன் கட்டுகிறவன் நான்தான் என்பதை அதற்கு யார் சொல்வது?

“முட்டை வச்சிருக்குடா, கலைச்சா பாவம். குஞ்சு பறந்து போகட்டும்” என்றாள் அம்மா. சித்திரை மாதம். அதுவரை ஏசி போடக் கூடாதாம். “பறந்ததும் கழுவி விட்டுடலாங்க” என்று மனைவியும் சேர்ந்துகொண்டாள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. சுமார் பதினெட்டு நாளில் முட்டை பொரியும், குஞ்சு பறக்க இன்னும் ஒரு மாதம். ஆனால் முதல் ஈட்டுக் குஞ்சுகள் கூட்டை விட்டுக் கிளம்பும் முன்பே புறா அடுத்த ஈட்டுக்கு முட்டை வைத்துவிடும். வருஷம் பூராவும் இதே வேலை. குஞ்சுக்கு ஆண் புறாவும் தொண்டைப் பையில் பால் சுரந்து ஊட்டும் என்ற செய்தி எப்படியோ என் வீட்டுக்குள் வந்துவிட்டது. “அது பாலே குடுக்குது, உங்களுக்குப் பால் பாக்கெட் வாங்கிட்டு வர வலிக்குது” என்று ஆரம்பித்த பேச்சு இன்னும் முடியவில்லை.

ஒரு புழுக்கமான ராத்திரியில் அம்மாவே தாங்காமல், “செத்த நேரம் போடு” என்றாள். போட்டேன். செத்த நேரம்தான் ஓடியது. மறுநாள் மெக்கானிக் வந்து பார்த்தால், காயிலின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே எச்சமும் இறகுமாக அப்பிக் கிடக்கிறது. “காத்து போக வழியே இல்ல சார், கம்ப்ரசர் சூடாகி ட்ரிப் ஆயிடுது.” எச்சத்தில் வெள்ளையாக இருப்பது யூரிக் அமிலம். உலோகத்தை அரிக்கும். கார் மேல் விழுந்து வெயிலில் காய்ந்தால் பெயிண்டில் வடு விழும். மொட்டை மாடியில் மழைநீர்க் குழாயை இறகு அடைத்து, போன ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கி, நாலாம் மாடிச் சார் வீட்டு சீலிங் ஒழுகியது. அவர் பில்டரைத் திட்டினார். தினமும் காலையில் மாடியில் கம்பு தூவுகிறவர் அவர்தான்.

மெக்கானிக் துடைப்பத்தை எடுத்து வறட்டென்று பெருக்கப் போனார். கையைப் பிடித்துத் தடுத்தேன். காய்ந்த எச்சத்தைப் பெருக்கினால் தூள் நேரே மூக்குக்குள் போகும். தண்ணீர் தெளித்து ஊறவைத்து, மாஸ்க் போட்டுத்தான் அள்ள வேண்டும். அதில் வளரும் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை, எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் வரை கொண்டுபோகும். இறகுத் தூசி இன்னும் சத்தமில்லாமல் வேலை பார்க்கும். சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாமல் நுரையீரல் அழற்சி கண்டு, மாதக்கணக்கில் வறட்டு இருமல், படியேறினால் மூச்சிரைப்பு, கடைசியில் நுரையீரலே தழும்பேறிப் போகும். நுரையீரல் தழும்பு நோய்கள் பற்றி 2017இல் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வில், ஆயிரத்துச் சொச்சம் நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த ஒவ்வாமை வகைதான். எல்லாப் பழியும் புறா மேல் இல்லை, ஏர்கூலருக்கும் பங்கு உண்டு. அம்மாவுக்கு ஏற்கெனவே ஆஸ்துமா என்பதால் இந்த விஷயத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

“பிடிச்சு வண்டலூர்ப் பக்கம் விட்டுடுங்க” என்றார் அபார்ட்மெண்ட் செக்ரட்டரி. 1964இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பென்சியாஸ், வில்சன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். அவர்களுடைய ராட்சத ஆன்டெனாவில் ஓயாத ஓர் இரைச்சல். உள்ளே புறா எச்சம். கழுவினார்கள். புறாக்களைப் பிடித்து வெளியூருக்கு அனுப்பினார்கள். அவை திரும்பி வந்துவிட்டன. புறாக்களை ஒழித்த பிறகும் இரைச்சல் போகவில்லை. அது பெருவெடிப்பின் மிச்சம் என்று தெரிந்து, 1978இல் நோபல் பரிசு வாங்கினார்கள். எனக்கு இருமல்தான் மிச்சம். மேலும், வண்டலூரில் விட்ட புறா எனக்கு முன்னால் வீடு வந்து சேரும். அதற்கு ஜிஎஸ்டி ரோடு டிராஃபிக் கிடையாது.

சாரிடம் போய்க் கம்பை நிறுத்தச் சொன்னேன். “சிபி வம்சம் சார் நாம” என்றார். மும்பை தாதரில் 2025 ஆகஸ்டில் மாநகராட்சி புறாக்களுக்கு இரைபோடும் இடத்தைத் தார்ப்பாய் போட்டு மூடியதையும், ஜனங்கள் திரண்டு அதைக் கிழித்ததையும் எண்ணிப் பார்த்துவிட்டு, மரியாதையாகக் கீழே இறங்கி வந்தேன்.

விடிவு காக்கை ரூபத்தில் வந்தது. குஞ்சுகள் பறந்த வாரமே ஒரு காக்கை வந்து, புதிதாக வைத்திருந்த முட்டை இரண்டையும் தூக்கிக்கொண்டு போனது. அமாவாசைக்கு அமாவாசை அம்மா சோறு வைக்கும் அதே காக்கை. பாவம் முன்னோர் கணக்கில் போனதால் அம்மா வாய் திறக்கவில்லை. அன்று சாயங்காலமே ஆள் வந்து நைலான் வலை அடித்தார்.

ஜோடி இடம் மாறி நாலாம் மாடிக்குப் போயிற்று. சாரின் புது ஏசிக்குப் பின்னாலும் ஒரு சாண் இடம் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை வாட்ஸாப்பில் எனக்குத் தனியாக ஒரு மெசேஜ்: “வலை அடிச்ச ஆளோட நம்பர் இருக்கா சார்? எனக்கில்லை, என் மச்சினனுக்கு.”