கெண்டியியலுக்கு ஒரு முன்னுரை

கேமரன் மலையில் 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய நாளிலிருந்து கொழுந்தைப் பற்றிப் பேசாதவர் இல்லை. கொழுந்து வந்து சேரும் பாத்திரத்தைத்தான் யாரும் ஆராயவில்லை. அக்குறையைப் போக்கவே, தானா ராத்தாவில் ஒரு பழம்பொருள் கடையில் எண்பது ரிங்கிட் கொடுத்து, கையால் ஓவியம் தீட்டிய சிறு பீங்கான் பாத்திரம் ஒன்றை வாங்கினேன். வீட்டில் இக்காரணம் இன்னும் ஏற்கப்படவில்லை.

முதலில் பெயர். தேயிலையாவது தேய்ந்த இலை என்பாரும் உளர். அது பொருந்தாது. ‘தே’ ஹொக்கியன் சீனர் தந்தது. இலை நாம் சேர்த்தது. பீங்கான் பாரசீகச் சொல். மலாய்க்காரர் அதைத் தட்டுக்கு வைத்துக்கொண்டனர். மூக்குள்ள பாத்திரத்தை நாமும் அவர்களும் ஒருவாய்ப்படக் கெண்டி என்கிறோம். எனவே இங்கும் கெண்டியே. டீ பாட் என்றால் எல்லோருக்கும் புரிந்துவிடும்; ஆய்வுக்கு அது ஆகாது.

‘சிறு கெண்டி’ என்புழிச் சிறுமை கொள்ளளவு பற்றியதோ, குடிப்போர் தொகை பற்றியதோ எனின், தொகை பற்றியது என்க. என்னை? ஒருவன் தனியே இருந்து குடிக்கும் ஊரில் 150 மில்லி பெரிது. தோட்டத்து வீட்டில் அண்டாவும் சிறிது.

அடுத்து மூக்கு. கெண்டியின் உயிர்நிலை இதுவே. மெல்லச் சாய்த்தால் தேநீர் கோப்பைக்குள் விழாமல் மூக்கின் அடிப்பக்கமாக வழிந்து மேசைவிரிப்பை நனைக்கும் துரோகத்தை 1956இல் மார்க்கஸ் ரெய்னர் ஆராய்ந்தார். மறு ஆண்டு ஜோசப் கெல்லர் காரணம் சொன்னார்: விளிம்பில் வளையும் நீரின் அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்று அதை விளிம்போடு சேர்த்து அமுக்குகிறது. மெல்லிய, கூரிய உதடுள்ள மூக்கு வழியாது. தடித்த உதடு வழியும். இதற்காகக் கெல்லருக்கு 1999இல் இக் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அதே ஆண்டு இலக்கியத்துக்கான இக் நோபல், தேநீர் போடும் முறையை ஆறு பக்கத்தில் வரையறுத்த பிரிட்டிஷ் தர நிறுவனத்துக்கு. பன்னாட்டுத் தரம் 3103 அந்த வழியில் வந்ததே: 100 மில்லிக்கு 2 கிராம் தூள், ஆறு நிமிடம், வெள்ளைப் பீங்கான் அல்லது மெருகிட்ட மண் கெண்டி.

அற்றேல், ஓவியம் தீட்டியது ஆகாதோ எனின், உள்ளே வெள்ளைதான் என்று விடுக்க.

ஆனால் தரம் வகுத்தவர்கள் மலையேறி வந்தவர்களாகத் தெரியவில்லை. சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. சிறு கெண்டியோ சட்டென ஆறும். முதலில் வெந்நீர் ஊற்றிச் சூடேற்றாவிட்டால் ஆறு நிமிடத்தில் கிடைப்பது மழைநீர். இன்னொன்று: இவ்வகைக் கெண்டியில் மூக்கின் அடியில் உள்ள துளைகள் முழு இலைக்கானவை. நம் வீட்டுப் பொடித்தூள் பாதி அடைத்துக்கொள்ளும், பாதி கோப்பைக்கு வந்து சேரும்.

ஓவியம் பற்றி ஒரு சர்ச்சை. இளஞ்சிவப்பும் பச்சையுமாய், செம்பருத்தி போல் விரிந்த பியோனிப் பூவருகே ஒரு பறவை. பெரானாக்கான் சீனர்களுக்காக ஜிங்டெஜனில் செய்த பாண்டங்களின் சாயல் என்பதால் பீனிக்ஸ் என்றேன். பிரிஞ்சாங்கிலிருந்து வந்த அத்தை, “சேவல்யா. கொண்டையப் பாரு” என்றார். மெருகின் மேல் தீட்டிய வண்ணம் நார் போட்டுத் தேய்த்தால் போய்விடும் என்று எச்சரித்தேன். “தேய்க்கக்கூடாதுன்னா அது என்ன ஏனம்?”

பட்டு வணிகர் ஜிம் தாம்சன் வண்ணப் பீங்கான் சேர்த்தவர். 1967 மார்ச் 26 அன்று இம்மலையில் உலாவப் போனவர் திரும்பவேயில்லை. கெண்டி தேடிப் போனார் என்பதற்குச் சான்றில்லை. இல்லை என்பதற்கும் இல்லை.

அத்தையோடு ஐந்து பேர் வந்திருந்தார்கள். என் கெண்டியை ஏறெடுத்தும் பாராமல் அடுப்பில் சட்டி ஏறியது. பால் டின் உடைந்தது, தே நுரைத்தது. ஆறிய மிச்சத்தை அத்தை கெண்டியில் ஊற்றிப் பேத்தியிடம் நீட்டினார். அவள் அதை இரு கையாலும் தூக்கி, மூக்கில் வாய் வைத்து உறிஞ்சினாள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.